உசனார் கிடங்கின் மூடுவிழா

“வெட்டாதீங்க சேர்! திறக்கக்குள்ளதான் வெட்டுற. மூடக்குள்ள கட்ட வேணும்” என்றான் டிப்பர் சாரதி றிஸ்லான்.

சுற்றாடல் அதிகாரி நல்லரத்தினம் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். காத்தான்குடியில் வாங்கிய சிவப்பு நாடாவை இரண்டு கம்புகளுக்கு நடுவே முடிச்சுப் போட்டார். உன்னிச்சையில் ஆறு வருடமாக வாயைப் பிளந்துகொண்டு கிடந்த, கிரவல் மண் தோண்டிய கிடங்கு சட்டப்படி மூடப்பட்டது. எல்லாரும் கைதட்டினார்கள்.

கிடங்கைத் தோண்டியவரும் நிரப்பியவருமான உசனார் மட்டும் தட்டவில்லை. குனிந்த தலையை அவர் நிமிர்த்தவே இல்லை.

“என்ட எருமை தண்ணியில தாண்டு செத்த கிடங்கெல்லா? வெக்கம் இருக்கத்தானே வேணும்” என்று ஞானமலர் ஊருக்கே கேட்கும்படி முணுமுணுத்தாள்.

“விடுங்க அக்கா. அதுதான் நிரப்பிட்டாரே” என்றபடி அதிகாரி மருதங்கன்று நடக் குழி பறித்தார். கறுத்த மண் விரலில் ஒட்டியது. நடுவில் உக்கிய நெல்தாளும் வந்தது.

“தங்கமான மண்! வயல் வட்டை மண் மாதிரிக் கிடக்கு. எங்க எடுத்தீங்க காக்கா?” என்று உசனாரை அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

“கிட்டத்தான், சேர்.” உசனாரின் தலை இன்னும் தாழ்ந்து நாடி நெஞ்சில் முட்டியது.

அதிகாரி உருகிப்போனார். இப்படி வெட்கப்படத் தெரிந்த கொந்தராத்துக்காரரை அவர் தன் சேவைக்காலத்தில் கண்டதில்லை. கிடங்கை மூடியதற்கான கடிதம் இன்று கிடைக்காவிட்டால் உசனாரின் மண் அகழும் லைசன் இந்த மாதத்தோடு சரி என்பதும் அவருக்குத் தெரியும். ‘வேறெந்தக் காணிக்கும் பாதிப்பில்லை’ என்ற வரிக்குக் கீழே அழகாகக் கையெழுத்து வைத்து நீட்டினார்.

உசனாரின் கை வரவில்லை.

“பிடிங்க காக்கா, எனக்கு நேரம் சுணங்குது. எங்கட அப்பா கோணாமலைட வயல் ஒண்டும் இஞ்ச கிட்டடியிலதான் கிடக்கு. அவர் மோசம் போய்ச் செத்தவீடு முடிஞ்சாப்பிறகு நான் டவுனோட, வந்து பாக்கவே இல்ல. கோணாமலைட வட்டை எண்டா தெரியுமா? ஒருக்காக் கூட்டிப் போங்க.”

றிஸ்லான் மெதுவாக டிப்பருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

உசனார் அன்றைக்கு முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினார்.

“போகத் தேவல்ல, சேர். அதுலதான் நிக்கிறீங்க.”