பிரான்ஸ் வரிசை

டிசம்பரில் விசா முடிகிறது. அதற்குள் க்ரீன் கார்டுக்கு வழி பிறக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிறந்த நாட்டை வைத்துத்தான் வரிசை; இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசையோ நகர்வதாக இல்லை. ஐசலின் நகரில், குடியேற்ற வக்கீல் கயலின் அறையில் மீரான் மைதீனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஐம்பத்திமூணுல நான் பிறந்தப்ப காரைக்கால் பிரான்ஸ்காரன் கையில இருந்துச்சும்மா. என்னை பிரான்ஸ் லைன்ல போடு."

"இப்ப அது இந்தியா, அங்கிள். இன்னிக்கு மேப்தான் கணக்கு."

"எல்லாம் அந்தப் பாரிஸ்காரங்களால! ஆறு மாசத்துக்கு ஒரு கவர்மென்ட் கவுந்துச்சு. இந்தோசைனாவை விட்டான், அந்தச் சூட்டோட எங்க ஊரையும் விட்டான். ஒருத்தனாவது உருப்படியா நின்னானா?"

"நின்னிருந்தா மட்டும் உங்களைக் கூப்பிட்டு மந்திரி ஆக்கியிருப்பானா?" என்றாள் மனைவி முனவ்வரா.

"நீ சும்மா இரு புள்ள."

கயல் நிமிர்ந்தாள். "ஆன்ட்டி, நீங்களும் காரைக்கால்லதான் பிறந்தீங்களா?"

"அவ எங்க பிறந்தா என்ன? விசா எனக்குல்ல?"

"ஒய்ஃப் பிறந்த நாட்டு லைன்லயும் நீங்க போகலாம், அங்கிள்."

"எங்க வாப்பா அப்ப சைகோன்ல ஜவுளிக்கடை வச்சிருந்தாரு," என்றாள் முனவ்வரா. "நான் அங்கதான் பிறந்தேன்."

கயல் சிரித்துவிட்டாள். "வியட்நாம் லைன்ல கூட்டமே இல்லை! உடனே அப்ளை பண்ணிடலாம்."

மீரான் மைதீன் மனைவி பக்கம் திரும்பினார்.

முனவ்வரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சரி, என் பின்னாடி வந்து நில்லுங்க."