சி டைப் குவார்ட்டர்ஸ்

கறுப்புக் கண்ணாடிப் பெட்டியை அம்மாவின் முகத்தில் மாட்டி, பின்னந்தலையில் வாரை இழுத்து இறுக்கினாள் மங்கையர்க்கரசி.

எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. அவள் எதையும் கேட்டு நான்கு மாதமாகிறது.

அப்பாவின் காரியம் முடிந்த அன்று மூடிய வாய். ஊட்டினால் விழுங்குவாள். படுக்க வைத்தால் படுப்பாள். டாக்டர்கள் மாத்திரையை மாற்றினார்கள், ஆள் மாறவில்லை.

மிச்சமிருந்தது இது ஒன்றுதான். மங்கை வேலை பார்க்கும் பேகம்பேட் கம்பெனியில் ஒரு பரிசோதனை. வயதானவர்களைக் கண்ணாடிக்குள் அவர்களுடைய பழைய வீட்டில் உலவ விடுவது. பழைய நினைப்பு தனிமைக்கு மருந்தாம், மனசுக்குப் பிடிமானமாம். வீட்டை அடையாளம் கண்டுகொண்டால் எட்டு வாரச் சிகிச்சை உண்டு. இல்லையென்றால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

அந்த வீட்டைக் கணினியில் கட்டியவளே மங்கைதான். ராமச்சந்திராபுரம் ஆலை டவுன்ஷிப்பில் அதிகாரிகள் குடியிருந்த சி டைப் குவார்ட்டர்ஸ். ஓய்வுபெற்றவர்களின் ஆல்பங்களைப் புரட்டிப் புரட்டி எழுப்பியது. சிவப்புத் தரை, ஷோகேஸ் பொம்மை, டி.வி. மேல் விரித்த லேஸ் துணி, ஒன்றையும் விடவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்றே, தான் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பொய்யில்லை. இருபது வருஷம் அம்மாவின் பொழுது அங்கேதான் போனது.

"ஆன்ட்டி, மீ இல்லே. லோபலிகி ரண்டி" என்று தெலுங்கில், சொந்த வீட்டுக்குள் வரச்சொல்வதுபோல் அழைத்தாள் மனநல நிபுணர் ரஷ்மி. தமிழ் அவளுக்குச் சுத்தமாகத் தெரியாது. சுற்றி நின்ற கம்பெனி ஆட்கள் நான்கு பேருக்கும் தெரியாது.

கண்ணாடிக்குள் தெரிவதெல்லாம் எதிரே திரையிலும் தெரிந்தது. கேட் திறந்தது. முன்கதவும் திறந்தது.

நாற்காலிக்கடியில் அம்மாவின் கால்கள் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளின.

தலை இடப்பக்கம் திரும்பியது. விரல் எழுந்து, சுவரோரமாகப் பின்னால் போகும் சந்துப் பக்கம் காட்டியது.

"அங்க ஒண்ணுமில்லம்மா. உள்ள போ. சோபா இருக்கு பாரு, போய் உக்காரு."

விரல் இறங்கவில்லை. நான்கு மாதத்தில் அவள் வேண்டுமென்று காட்டிய முதல் விஷயம் அது.

மங்கை அம்புக்குறியை அழுத்தினாள். சுவர் நகர்ந்தது. ஜன்னல் போயிற்று. சாக்கடை மூடி போயிற்று. அதற்குமேல் வெறும் இருட்டு.

வீட்டின் பின்பக்கத்தை அவள் கட்டவில்லை. எந்த ஆல்பத்திலும் அதற்குப் படம் இல்லை. படம் இல்லாமலே கட்டியிருக்க முடியும். கட்டத்தான் இல்லை.

அம்மா நாற்காலியிலிருந்து மெல்ல வழுக்கி இறங்கினாள். புடவையை முழங்காலுக்குமேல் செருகிக்கொண்டு, ஏ.சி. அறையின் கம்பளத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். பெட்டிக்குக் கீழே உதடுகள் பிரிந்தன.

"அம்மாவ், பாத்திரத்த எடுத்துப் போடுங்க. இன்னும் ரெண்டு வூடு கெடக்கு."

குரல் கணீரென்றிருந்தது.

ரஷ்மி துள்ளி எழுந்தாள். "மாட்லாடாரு! ஏமன்னாரு, மங்கை?" ஆன்ட்டி பேசிவிட்டாரே, என்ன சொன்னார் என்று தெலுங்கில் கேட்டாள்.

சுற்றி நின்ற நான்கு முகங்களும் சிரிப்போடு மங்கையைப் பார்த்தன.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும். அம்மாவுக்கு எட்டு வாரம்.

மங்கை ரஷ்மி பக்கம் திரும்பினாள்.

"இது யார் வீடுன்னு கேக்குறாங்க" என்று தெலுங்கில் சொன்னாள்.

ரஷ்மி மெதுவாக உட்கார்ந்தாள். தாளை இழுத்து, 'அடையாளம் தெரியவில்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.