தொங்கிய சிறகு

சாக்கடையோரம் சிறகொடிந்து கிடந்த சாம்பல் கிளியை மீட்கும் வீடியோவைப் போன வாரம் பார்த்துவிட்டுத்தான் ரேணுகா அதைத் தத்தெடுக்கப் போனாள். அந்த வீடியோவைப் போட்ட யூடியூப் சேனலை நடத்தும் மாணிக்கராஜ் கூண்டைக் கொடுத்தார். கிளியின் இரண்டு சிறகும் நன்றாகவே இருந்தன.

“அதுக்குள்ள ஆறிடுச்சா சார்?”

“ஆறிடுச்சும்மா. வீட்டுல அது சந்தோஷமா இருக்கறதை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. நாலு பேர் பார்த்தாத்தான் மத்த கிளிங்களுக்கும் வீடு கிடைக்கும்.”

வீட்டில் அது அவள் தோளில் ஏறிக் கம்மலைக் கொறித்தது. பிறகு மேசைமேல் நின்று கொய்யா தின்றது. வீணாகச் சந்தேகப்பட்டோம் என்று நினைத்தபடி அவள் செல்போனைத் தூக்கிப் பிடித்தாள்.

கிளி கொய்யாவைப் போட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்தது. ஒரு சிறகைத் தொங்கவிட்டது. மெதுவாகச் சரிந்து படுத்துக் கண்களை மூடிக்கொண்டது. அவள் போனை இறக்கும்வரை திறக்கவில்லை.