அமைதி கேட்டு ஒரு மனு

"அடியே பழனியம்மா! மேட்டுல ஏறி நில்லுடி! சேலத்து பஸ்ஸுக்காரன் உம்பட மாமனாடி, உன்னையப் பாத்து ஒதுங்கிப் போறதுக்கு?"

காலை ஏழே கால். இன்பமேரி காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"ஆரம்பிச்சாச்சு. இனி பொழுது சாயற வரைக்கும் ஓயாது."

கணவர் ஆரோக்கியதாஸ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஊடு வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு?"

அவள்தான். ஏற்காட்டுக்குப் புது பஸ் ஸ்டாண்ட் வருகிறது என்று காதில் விழுந்ததுமே இந்த மாடி வீட்டைப் பிடித்துவிட்டாள். இப்போது அரை மணிக்கொரு சேலம் பஸ். பெங்களூரிலிருந்து நேராக ஒன்று. படியிறங்கினால் பேங்க், போஸ்ட் ஆபீஸ். ஐந்து நிமிடம் நடந்தால் ஏரி. ஓட்டைத் தகரக் கொட்டகைகள் போய், சிமென்ட் தளமும் வரிசையாகக் கடைகளும் வந்துவிட்டன.

"காட்டில் போய்க் குடியிருக்கிறாயே" என்று இத்தனை நாள் கேலி செய்த பெங்களூர் அக்கா ரெஜினா, ரிடையரான பிறகு தானும் இங்கேயே வந்துவிடலாமா என்று பார்க்க அடுத்த வாரம் வருகிறாள்.

வந்து பால்கனியில் உட்கார்ந்தால் எதைக் கேட்பாள்?

"அழுவுன பழத்த எதுக்குடி மேல அடுக்கறே? அக்கட்டால கடாசு! எதுக்கால ஒரு அய்யன் எந்நேரமா நிக்கறாரு, நீ பாட்டுக்கு வெத்தல மென்னுட்டிருக்கறே!"

"எல்லாந் தெரியும். உங்கடையப் பாருடி, ஓட்டவாயி!"

இது பழனியம்மாள். பத்து திட்டு வாங்கினால் ஒன்றுதான் திருப்பிக் கொடுப்பாள். காலையிலிருந்து கத்துகிற, தலைச்சோலையிலிருந்து வந்து கொய்யாவும் ஆரஞ்சும் விற்கும் கண்ணாயிக்கும், அதையே விற்கும் இவளுக்கும் புது ஸ்டாண்டில் ஒட்டினாற்போல் கடை கொடுத்த புத்திசாலி யார் என்று தெரிந்தால் இன்பமேரி அவனையும் ஒரு கை பார்த்திருப்பாள்.

பேனாவை எடுத்தாள். கான்வென்ட் கையெழுத்து, சுத்தமான இங்கிலீஷ். கண்ணாயி என்பவள் பக்கத்துக் கடைக்காரியை நாள் முழுவதும் ஏசுகிறாள், வெளியூர்க்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள், அவளை உடனே வேறிடத்துக்கு மாற்ற வேண்டும். லாட்ஜ்காரர்கள் நாலு பேர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள்.

பஸ் ஸ்டாண்ட் சூப்பர்வைசர் முருகேசன் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழனியம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே, மேடம்?"

"அது எப்படிச் சொல்லும்? வாயில்லாப் பூச்சி. அதுக்காகத்தானே நாங்க எழுதறோம்! எப்ப மாத்தறீங்க? இன்னிக்கா, நாளைக்கா?"

மறுநாள் கண்ணாயி படியேறி வந்தாள். வாசலோடு நின்றாள்.

"ஏனுங்கம்மா, என்னைய மாத்தச் சொல்லி எழுதிக் குடுத்தீங்களாமா?"

"ஆமா. மஞ்சக்குட்டைக்குப் போற ஜீப் நிக்கற அந்தக் கோடியில போய் உக்காரு. அங்கே எவ்வளவு வேணும்னாலும் கத்து."

"போறனுங்க. கக்கூஸுக்குப் பக்கத்துல போட்டாலுஞ் செரி. ஆனா அவளையும் எம்பக்கத்துலயே போடச் சொல்லுங்கம்மா. உங்களுக்கு நொம்பப் புண்ணியமாப் போவுங்க."

இன்பமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன், திட்டறதுக்கு ஆள் வேணுமா?"

கண்ணாயி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லாமலே மூடிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கிற அந்த வாய் மூடி இன்பமேரி பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்ப உங்க இஷ்டமுங்க" என்று இறங்கிப் போனாள்.

ரெஜினா வந்தாள். பெட்டியை வைத்த கையோடு பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"பரவாயில்லையே, மேரி! எதிரே பஸ் ஸ்டாண்டுன்னதும் பயந்துட்டே வந்தேன். சர்ச்சுல உக்காந்த மாதிரி இருக்கு."

"சும்மா வந்துச்சா இந்த அமைதி?" இன்பமேரி உள்ளே ஓடி மனுவின் கார்பன் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். "படி. சரியா ரெண்டு பக்கம். பயந்தாங்கொள்ளி ஒருத்தியைக் காப்பாத்தியிருக்கேன்."

ரெஜினா கண்ணாடியைத் தேடுவதற்குள் கீழே பிரேக் கிறீச்சிட்டது.

எட்டிப் பார்த்தார்கள். சிமென்ட் தளம் முழுக்க ஆரஞ்சுப் பழங்கள் உருண்டு ஓடிக்கொண்டிருந்தன.

இன்பமேரி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். ரிவர்ஸில் வந்த பஸ்ஸுக்கு ஒரு சாண் தள்ளி பழனியம்மாள் விழுந்து கிடந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. டிரைவர் கீழே குதித்து ஓடி வந்தார்.

"சாவறதுக்கு எம்பட வண்டிதான் கெடச்சுதா உனக்கு? இவ்வளோ பெரிய பஸ்ஸு வருது!"

தூரத்தில், ஜீப்புகளுக்கு நடுவில், கண்ணாயி கூடையைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.

இன்பமேரி பழனியம்மாளைத் தூக்கி உட்கார வைத்தாள். "நல்லவேளை, பிழைச்சே! விழுந்து கிடக்கற நேரத்துல அவ வேற வந்து திட்டணுமா? பயப்படாதே. நான் போய் அவளை அப்படியே திருப்பி அனுப்பறேன்."

பழனியம்மாளின் கை காற்றில் துழாவி, இன்பமேரியின் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

"அனுப்பிப்போடாதீங்கம்மா" என்றாள், யார் காதிலும் விழாத குரலில். "ஆபீசுல தெரிஞ்சாக் கடையப் புடுங்கிக்குவாங்கன்னு வெளிய சொல்லலீங்க. எனக்குக் கண்ணுத் தெரியாமப் போயி ரெண்டு வருசமாச்சுங்க. பஸ்ஸு எங்க வருது, ஆளு எங்க நிக்குதுன்னு, அவ திட்டறத வெச்சுத்தானுங்க நாந் தெரிஞ்சுக்கறேன்."