அச்சகக்காரி போட்ட லேயர்

"நீ டீ குடிக்க வந்ததும் அச்சகக்காரி உன் சீட்ல உக்காந்து உன் படத்தை நோண்டறாடா. இப்போ என் கண்ணால பாத்துட்டு வரேன்."

நண்பன் சொன்னதும் கரிக்கட்டைக்கு வாயிலிருந்த டீ உள்ளே இறங்கவில்லை.

கரிக்கட்டை என்பது வகுப்பு வைத்த பெயர். ஓவியக் கல்லூரியில் இரண்டு வருடம் கரியையும் மையையும் தவிர எதையும் தொடாதவன். விரல் நுனி எப்போதும் கறுப்பு. கம்ப்யூட்டரில் டிசைன் கற்க இந்த வகுப்பில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வந்த புதிதில் அவன் தொட்ட மௌஸை வேறு யாரும் தொட மாட்டார்கள்.

ஆனால் கையில் வித்தை இருந்தது. கரியில் வரைந்து, ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றுவான். அவனுடைய முதல் படத்தையே பாடம் எடுக்கும் மேடம் வகுப்புக்கெல்லாம் காட்டி, "கோட்டைப் பாருங்க, கலரைப் பாருங்க" என்று உருகிப் போனார். அன்றிலிருந்து அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

குழந்தைகளுக்குப் புத்தகம் போடும் பதிப்பகம் ஒன்று இந்த வகுப்பிலிருந்து ஒரே ஒருவரை வேலைக்கு எடுக்கப் போகிறது. பட்டியலில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். ஒன்று அவன். இன்னொன்று, அவனுக்குப் பக்கத்து சீட்டில் உட்காரும் அச்சகக்காரி. அப்பாவின் அச்சகத்திலேயே வளர்ந்தவள். இரண்டு பேரின் படங்களும் இன்று மாலைக்குள் பதிப்பகத்துக்குப் போக வேண்டும்.

இது கிடைக்காவிட்டால் மாமாவின் டயர் கடையில் போய் நிற்க வேண்டியதுதான் என்று அவன் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரே ஓட்டமாக வகுப்புக்கு வந்தான். அவன் நாற்காலியில் அவள். கை அவன் மௌஸில்.

"எந்திரி."

எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மேடம், இங்க வாங்க. எல்லாரும் வாங்க. போட்டியில நேருக்கு நேர் ஜெயிக்க முடியலைன்னு என் படத்தைக் கெடுக்கறா மேடம்."

மேடம் வந்தார். வகுப்பே பின்னால் வந்தது. திரையில் அவன் அக்காவும் அவள் கைக்குழந்தையும் கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"படம் நல்லாத்தானே இருக்கு?"

"லேயரைப் பாருங்க மேடம்."

அவன் படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அறுபது லேயர். கண்ணாடித் தாள்களை அடுக்கின மாதிரி. எதற்கும் பெயர் கிடையாது. சொல்லிச் சொல்லி மேடத்துக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஒன்றுக்கு மட்டும் ஒழுங்காகப் பெயர் இருந்தது. 'முகம், கை - திருத்தம்'.

"நான் என்னைக்கு மேடம் பேர் வச்சிருக்கேன்? இது இவ வேலைதான்."

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவளை மேடம் திரும்பிப் பார்த்தார். "நீயா போட்டே?"

"ஆமா மேடம். கேக்காம தொட்டது தப்புதான். என் பேரை வேணும்னா அடிச்சிடுங்க. ஆனா அந்த லேயரை மட்டும் அணைக்காதீங்க, ப்ளீஸ்."

"ஏன், குட்டு வெளிப்பட்டுடுமா?" என்றான் கரிக்கட்டை. "அணைங்க மேடம். எல்லாரும் பாக்கட்டும்."

மேடம் அணைத்தார்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அக்காவின் முகம் பாசி பிடித்த மாதிரி பச்சை. குழந்தை அதைவிடப் பச்சை. "யாராவது ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று ஒரு குரல் கேட்டது.

கரிக்கட்டை திரையைப் பார்த்தான். சிரிக்கிறவர்களைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான்.

"எதுக்கு எல்லாரும் சிரிக்கறீங்க? ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

சிரிப்பு நின்றுவிட்டது.

மேடம் லேயரைப் போட்டார். அணைத்தார். மறுபடி போட்டார். இந்த முறை அவர் பார்த்தது திரையை அல்ல, அவன் முகத்தை.

"உனக்கு வித்தியாசமே தெரியலையாப்பா?"

"எதுல மேடம்?"

மேடம் அச்சகக்காரியிடம் கேட்டார். "எத்தனை நாளா இப்படிப் பண்றே?"

"முதல் படத்துலேருந்து மேடம். எங்க அச்சகத்துல ஒரு அண்ணாவுக்கும் இப்படித்தான். சில பச்சையும் சில சிவப்பும் ஒண்ணாத் தெரியும். அதான் பாத்ததுமே புரிஞ்சுது."

"அவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"பயமா இருந்துச்சு மேடம். அந்த அண்ணா முன்னாடி படம் வரைஞ்சவர். தெரிஞ்ச அன்னைக்கே பிரஷைத் தூக்கிப் போட்டுட்டார். இவரும் அப்படிப் பண்ணிட்டா?"

மேடம் முதல் படத்தில் பாராட்டிய கலர் யாருடையது என்று இப்போது எல்லோருக்கும் புரிந்தது. அவனுக்கும் புரிந்தது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"என் பேரை எடுத்துடுங்க மேடம். அவங்களையே அனுப்புங்க."

"வரைஞ்சது யாரு?"

"நான்தான் மேடம்."

"அப்போ பேர் இருக்கட்டும். பதிப்பகத்துக்கு உண்மையைச் சொல்லியே உங்க ரெண்டு பேர் படத்தையும் அனுப்பலாம். கலர் பாக்க ஆள் கிடைப்பாங்க. இந்தக் கோட்டுக்கு எங்க போவாங்க?"

மேடம் கூட்டத்தைக் கலைத்து அனுப்பினார். கரிக்கட்டை தலை நிமிரவில்லை. அச்சகக்காரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு தன் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இனிமே நீங்க இருக்கும்போதே பண்றேன்."