மாமியாரின் மரமண்டை

"மாப்பிள்ளை, மறுபடியும் நிக்காம ஓடுது."

மாமியார் எழுதிப் பழகும் புரோகிராம் லேப்டாப்பில் 1, 1, 1 என்று கொட்டிக்கொண்டே இருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமையும் போச்சு என்று மருமகன் பல்லைக் கடித்தான். ஆபீசில் எல்லாரையும் அலற வைக்கிறவன்தான். ஆனால், வந்திருக்கும் மாமியாரிடம் எரிந்து விழ முடியுமா?

"அத்தை, திரும்பத் திரும்ப ஓடுற லூப்புக்குள்ள நம்பரை ஒவ்வொண்ணாக் கூட்ட மறந்துட்டீங்க. கண்டிஷன் நிறைவேறினாத்தான் அது நிக்கும்."

"கோவிச்சுக்காதீங்க, மண்டையில ஏறலை. இன்னொரு தரம் நிதானமா சொல்லுங்க."

தேனாய்ச் சொன்னான். அவர் வந்து இறங்கிய நாளிலிருந்தே இந்தக் கூத்துதான். பக்கத்தில் அவன் மனைவி தலை நிமிராமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கைபேசி சிணுங்கியது. பார்த்தவள் துள்ளி எழுந்தாள்.

"அம்மா! புரோகிராமர் வேலைக்குப் பரீட்சை எழுதினேனே, பாஸ்! நாளைக்கே வரச் சொல்றாங்க!"

"நீயா? உனக்கு யாரு சொல்லிக்குடுத்தா?" மருமகனுக்கு வாய் குழறியது.

"நீங்கதான்," என்றார் மாமியார். "போன வருஷம் இவ இதே சந்தேகத்தைக் கேட்டதுக்கு, மரமண்டைன்னு திட்டி லேப்டாப்பை மூடினீங்களாமே? பொண்டாட்டிக்கு இல்லாத பொறுமை மாமியாருக்கு வரும்னு தெரியும். அதான் இவளைப் பக்கத்துல உக்கார வச்சுட்டு, நான் மரமண்டையா இருந்தேன்."

உள்ளே போய்த் தயாராய்க் கட்டி வைத்திருந்த பெட்டியோடு வந்தார்.

"கண்டிஷன் நிறைவேறிடுச்சு, நான் கிளம்பறேன். மிச்சத் துணியை நீங்க மடிங்க, மாப்பிள்ளை. தெரியலைன்னா இவகிட்ட கேளுங்க. பொறுமையா சொல்லிக்குடுப்பா."