செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பேரம்

மனநல மருத்துவமனையின் வரவேற்பு மேசை முன்னால் துணிக்கடை நடத்தும் அண்ணனும் தம்பியும் நின்றார்கள். கண் சிவந்த தம்பி, அண்ணனின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தான்.

“செவ்வாய்க்கிழமைதான் சார் இடமிருக்கு,” என்றாள் வரவேற்புப் பெண்.

அண்ணன் சிரித்தார். “எங்க கடையில முதல்ல சொன்ன விலைக்கு எதையும் வித்ததில்லம்மா. நீயும் கொஞ்சம் இறங்கி வா.”

“சரி, நாளைக்குச் சாயங்காலம்?”

“காலங்காத்தால வந்திருக்கோம். போணி பண்ணும்மா, இன்னிக்கே குடு.”

அவள் தம்பியின் சிவந்த கண்களைப் பார்த்தாள். உள்ளே ஓடிக் கேட்டு வந்தாள்.

“டாக்டர் இப்பவே பாக்குறாராம். பயப்படாம வாங்க தம்பி.”

“எனக்கில்லக்கா, அண்ணனுக்கு. ‘வாழப் பிடிக்கலடா’ன்னு நேத்து இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னார். அப்பப் புடிச்ச கையை இன்னும் விடல.”

அண்ணனின் சிரிப்பு நின்றது.

“செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்கியிருக்க மாட்டேம்மா,” என்றார்.